படிப்பு நிற்காது: கல்லூரி வளாகத்தில் பாதுகாப்பாக இருப்பது எப்படி?

திண்டுக்கல் பக்கம் அகரம், தாடிக்கொம்பு, வேடசந்தூர் வட்டாரத்திலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் கல்லூரிக்குக் கிளம்புகிறார்கள். சிலர் திண்டுக்கல் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கல்லூரிக்குப் போகிறார்கள். சிலர் மதுரைச் சாலையில் உள்ள காந்திகிராமத்துக்கும், சிலர் பழனி சாலையில் உள்ள பொறியியல் கல்லூரிகளுக்கும் போகிறார்கள். மதிப்பெண் கூடியவர்கள் சென்னைக்கும் கோவைக்கும் பெட்டி கட்டுகிறார்கள். பல வீடுகளில் இவர்கள்தான் கல்லூரிப் படி ஏறும் முதல் தலைமுறை. அதனால் அங்கே ஏதாவது தப்பு நடந்தால் யாரிடம் போவது, என்ன எழுதிக் கொடுப்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த அத்தியாயம்.

"ஏழு மணிக்கு மேல் வெளியே போகாதே", "யாரிடமும் பேசாதே" என்று சொல்லி அனுப்பினால் பாதுகாப்பு வந்துவிடாது. குற்றம் செய்பவர் இருட்டை மட்டும் நம்பி வருவதில்லை. "இந்தப் பிள்ளை வெளியே சொல்லாது, சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படும்" என்ற கணக்கில்தான் வருகிறார். அந்தக் கணக்கைப் பொய்யாக்குவதுதான் முதல் பாதுகாப்பு. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று வழக்குகள், ஒரே பாடம்

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள், நண்பருடன் இருந்த மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி ஞானசேகரன் மாணவரும் அல்ல, ஊழியரும் அல்ல. வெளியே பிரியாணிக் கடை நடத்தி வந்தவர். ஏற்கனவே பல திருட்டு வழக்குகள் உள்ளவர். அவர் கையில் எடுத்த ஆயுதம் செல்போன். "வீடியோ எடுத்திருக்கிறேன், கல்லூரியில் காட்டுவேன், டி.சி. கொடுக்க வைப்பேன்" என்பதுதான் மிரட்டல். யாரோ 'சார்' ஒருவரிடம் பேசுவது போலவும் காட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் அவருடைய போன் ஏரோபிளேன் மோடில் இருந்தது என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. மறுமுனையில் யாரும் இல்லை. மிரட்டுவதற்காகப் போட்ட நாடகம் அது.

அந்த மாணவி பேசாமல் இருக்கவில்லை. மறுநாளே புகார் கொடுத்தார். டிசம்பர் 25-ல் கைது நடந்தது. எஃப்.ஐ.ஆர். நகல் வெளியே கசிந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. 2025 மே 28-ல் சென்னை மகளிர் நீதிமன்றம் 11 குற்றச்சாட்டுகளிலும் ஞானசேகரனைக் குற்றவாளி என்று அறிவித்தது. ஜூன் 2-ல், குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை விதித்தது. சம்பவம் நடந்து ஆறு மாதம் ஆவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. மறுநாளே கொடுத்த அந்தப் புகார் இல்லையென்றால் இதில் எதுவும் நடந்திருக்காது.

இரண்டாவது வழக்கு நமக்குப் பக்கத்தில், அருப்புக்கோட்டையில் நடந்தது. 2018-ல் அங்குள்ள கல்லூரியின் உதவிப் பேராசிரியை ஒருவர், மாணவிகளிடம் போனில் பேசி அவர்களைத் தவறான வழிக்கு அழைத்தார். மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார். மாணவிகள் அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைத்துப் புகார் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஒரு ஆடியோ பதிவுதான் வழக்கின் உயிர்நாடியாக இருந்தது.

மூன்றாவது நம் ஊர் வழக்கு. 2021 நவம்பரில் திண்டுக்கல் அருகே ஒரு தனியார் நர்சிங் கல்லூரி மாணவிகள், தாளாளர் மீதே பாலியல் புகார் சொல்லிச் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவானது; அவர் நீதிமன்றத்தில் சரணடைந்தார். புகாருக்கு ஆளானவரே நிறுவனத்தின் உச்சியில் இருந்தால், கல்லூரிக்குள் நீதி கிடைக்கும் என்று காத்திருக்க முடியாது. வெளியே எங்கே போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் முதலில் பேச வேண்டியது

பெற்றோருக்கு: பிள்ளையைக் கல்லூரியில் விடுவதற்கு முன்னால், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எது நடந்தாலும் எங்ககிட்டச் சொல்லு தாயி. உன்னைய ஏச மாட்டோம். உன் படிப்பு நிக்காது." பையனிடமும் இதையே சொல்லுங்கள். மனதில் நினைத்தால் போதாது. பிள்ளையின் காதில் விழ வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நம் பகுதியில் ஒரு பெண் புகார் சொன்னதும் பல வீடுகளில் நடக்கும் முதல் காரியம், அவளைக் கல்லூரியிலிருந்து நிறுத்துவது. அடுத்தது மாப்பிள்ளை பார்ப்பது. தப்பு செய்தவர் வேலையில் இருப்பார். பாதிக்கப்பட்டவள் வீட்டில் இருப்பாள். இதைப் பார்த்து வளரும் மற்ற பெண்கள் வாயைத் திறப்பார்களா? மிரட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வீட்டில் ஒரு வாக்குறுதி இருந்தால், "அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டல் அங்கேயே செத்துவிடும்.

பிள்ளைகளுக்கு: அப்பா அம்மாவிடம் நேரடியாகச் சொல்ல முடியாத விஷயமும் வரலாம். அதற்கு அத்தை, சித்தி, மாமா, பழைய பள்ளி டீச்சர் என்று ஒருவரை இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். போன் பறிபோனால் காண்டாக்ட் லிஸ்டும் கூடவே போய்விடும்.

சேரும் நாளில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கட்டணம், பஸ் வசதி, மெஸ் என்று எல்லாவற்றையும் கேட்கிறோம். இவற்றையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

1. ஐ.சி.சி. எனப்படும் உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2015-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். துணைவேந்தர், பதிவாளர் போன்ற உயர் பதவியில் இருப்பவர்கள் இதில் இருக்கக் கூடாது.

2. ராகிங் தடுப்புக் குழுவின் எண் எது? அது எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது?

3. விடுதியில் இரவு வார்டன் தங்குகிறாரா? உடம்பு முடியாமல் போனால் வண்டி ஏற்பாடு இருக்கிறதா? எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்?

4. வெளியாட்கள் எந்த வாசல் வழியாக, எந்தப் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே வருகிறார்கள்? கட்டட வேலை, கேன்டீன் சரக்கு, கூரியர் என்று வருபவர்களுக்கும் இது பொருந்துகிறதா?

5. போன ஆண்டு எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முடிந்தன? இதற்குச் "சொல்ல முடியாது" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அமெரிக்காவில் 1986-ல் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். பெற்றோர் விடாமல் போராடியதால் 1990-ல் ஒரு சட்டமே வந்தது. வளாகத்தில் நடந்த குற்றங்களின் எண்ணிக்கையைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நம் யு.ஜி.சி. விதிகளும் பாலியல் புகார்களின் எண்ணிக்கையையும் அவை முடிந்த விவரத்தையும் ஆண்டறிக்கையாக அனுப்பச் சொல்கின்றன. ஆகவே நீங்கள் கேட்பது புதுமையான கேள்வி இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். "எங்கள் கல்லூரியில் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை" என்று பெருமையாகச் சொன்னால் அதை நம்பி நிம்மதி அடைய வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் புகாரே இல்லை என்றால், புகார் சொல்லும் வழி அடைத்துக் கிடக்கிறது என்றுதான் பொருள்.

போகும் வழியும் தங்கும் இடமும்

டே ஸ்காலர்களுக்குச் சிக்கலான இடம் பெரும்பாலும் வளாகம் இல்லை. பஸ் இறங்கும் விலக்கிலிருந்து ஊருக்குள் நடக்கும் தூரம்தான். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். ஒரே விலக்கில் இறங்குபவர்கள் பேசிவைத்து ஒரே பஸ்ஸில் வாருங்கள். திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் ஏறும்போதே வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் பேரூராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். பத்து மாணவர்கள் கையெழுத்துப் போட்ட மனு மேசையில் தூங்காது. அகரம் முத்தாலம்மன் திருவிழா போன்ற நாட்களில் கூட்டத்தைச் சாக்காக வைத்து உரசுபவர்களும் செயின், செல்போன் பறிப்பவர்களும் வருவார்கள். அன்று கூட்டமாகவே போய் வாருங்கள்.

டவுன் பஸ்ஸில் யாராவது மேலே சாய்ந்தால் முணுமுணுக்காமல் சத்தமாகச் சொல்லுங்கள்: "அண்ணே, தள்ளி நில்லுங்க!" அதற்கு மேலும் தொடர்ந்தால் கண்டக்டரைக் கூப்பிடுங்கள்; பஸ்ஸைக் காவல் நிலையத்துக்கு விடச் சொல்லுங்கள். 1998 ஜூலையில் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, தெருவில் தொந்தரவு செய்தவர்களால் உயிரிழந்தார். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பெண்களைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. "இதெல்லாம் சின்ன விஷயம், கண்டுக்காம போ" என்று சொல்பவர்களுக்கு அதை நினைவுபடுத்துங்கள்.

விடுதியில் அதிகம் நடப்பது திருட்டு. கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்து, ஓரமாகப் போனைச் சார்ஜில் போட்டுத் தூங்கினால், காலையில் சார்ஜர் மட்டும்தான் தொங்கும். போனில் *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதை நோட்டில் எழுதி, பில்லோடு சேர்த்து வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து போனை முடக்கலாம். அசல் சான்றிதழ்களை விடுதியில் வைக்கவே வைக்காதீர்கள்.

கல்லூரிப் பக்கத்துக் கடையில் புகையிலைப் பொருள் விற்றால் அது குற்றம். கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. கஞ்சா புழங்குவது தெரிந்தால் 10581 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

ராகிங்: 'சும்மா ஒரு ஜாலிக்கு' என்பது சட்டத்தில் இல்லை

1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். கல்லூரியிலிருந்து நீக்கப்படுபவரை வேறு கல்லூரியும் சேர்க்கக் கூடாது. புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார்.

நாவரசு வழக்கில் கீழ் நீதிமன்றம் 1998-ல் தண்டனை கொடுத்தது. 2001-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. நீதிக்கு அந்தக் குடும்பம் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. அதனால்தான் ராகிங்கை முதல் நாளிலேயே, சின்னதாக இருக்கும்போதே தடுக்க வேண்டும் என்கிறோம். 2009-ல் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் சீனியர்கள் அடித்ததில் இறந்தார். அதே ஆண்டு யு.ஜி.சி. நாடு முழுவதற்கும் விதிகளைக் கொண்டுவந்தது. மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் உறுதிமொழி எழுதிக் கொடுப்பது அதிலிருந்து வந்ததுதான்.

ரெகார்டு எழுதித் தரச் சொல்வது, ராத்திரி ரூமுக்கு வரச் சொல்லி நிற்க வைப்பது, மெஸ்ஸில் காசு கட்டச் சொல்வது, உடம்பை, நிறத்தை, சாதியைச் சொல்லிக் கேலி செய்வது எல்லாம் ராகிங்தான். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருக்கும்போது வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற எண் 24 மணி நேரமும் இயங்கும்.

பாலியல் தொந்தரவு: எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது?

தொட்டால்தான் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். ஆபாசமாகப் பேசுவது, இரட்டை அர்த்த மெசேஜ், வேண்டாம் என்ற பிறகும் பின்னால் வருவது, இன்டர்னல் மார்க்கைக் காட்டிப் பேரம் பேசுவது, மறைவாகப் படம் எடுப்பது எல்லாமே குற்றம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 75 பாலியல் தொந்தரவைச் சொல்கிறது. பிரிவு 77 மறைந்திருந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும், பிரிவு 78 விடாமல் பின்தொடர்வதையும் சொல்கின்றன. ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் இதற்கு ஆளாகிறார்கள் என்பதை யு.ஜி.சி. விதிகளே ஒப்புக்கொள்கின்றன. பையன்களும் வெட்கப்படாமல் புகார் கொடுக்கலாம்.

உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது, நீங்கள் புகார் சொன்ன ஆசிரியர் உங்கள் தாளைத் திருத்தக் கூடாது என்று கேட்கலாம். அட்டெண்டன்ஸ் குறையாமல் விடுப்பும் கேட்கலாம். முடிவு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மாணவர் சம்பந்தப்பட்ட விசாரணையில் மாணவர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும்.

புகாரை எப்படி எழுதுவது என்று பலர் தடுமாறுகிறார்கள். "என்னிடம் தவறாக நடந்துகொண்டார், நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரே வரியில் முடித்தால் விசாரிப்பவருக்குப் பிடி கிடைக்காது. மாதிரிக்கு ஒன்று:

"ஐயா/அம்மா, நான் இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி. ஆகஸ்ட் 12 அன்று மாலை 4.40 மணிக்கு ரெகார்டு நோட்டில் கையெழுத்து வாங்க லேபுக்குப் போனேன். உள்ளே எங்கள் ஆசிரியர் (பெயர்) மட்டும் இருந்தார். நோட்டை வாங்கும் சாக்கில் என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். 'பிராக்டிகல் மார்க் என் கையில்தான் இருக்கு' என்றார். நான் வெளியே ஓடிவந்தபோது வராந்தாவில் என் வகுப்புத் தோழி நின்றாள். உடனே அவளிடம் சொன்னேன். அன்று இரவு 9.15-க்கு அவர் அனுப்பிய மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன்."

நாள், நேரம், இடம், செய்தது, சொன்ன வார்த்தை, யாரிடம் உடனே சொன்னீர்கள், கையில் உள்ள ஆதாரம் என ஏழு விவரங்களும் இதில் இருக்கின்றன. 'அழகாக' எழுத வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நினைவில்லாததை ஊகித்து எழுதாதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; ஈமெயிலிலும் அனுப்புங்கள். அந்த ரசீதுதான் நாளைக்கு உங்கள் சாட்சி.

நிர்வாகத் தலைவர் மீதே புகார் என்றால், மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கோ, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்துக்கோ, நேராகக் காவல் நிலையத்துக்கோ போங்கள். "முதலில் கல்லூரியில் சொல்லிவிட்டுத்தான் போலீஸுக்குப் போக வேண்டும்" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முதலாண்டில் பலருக்கு இன்னும் 18 வயது நிரம்பியிருக்காது. அவர்கள் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள், போக்சோ பொருந்தும். விஷயம் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் மறைப்பது அந்தச் சட்டப்படி குற்றம். "கல்லூரிப் பெயர் கெட்டுவிடும், நாங்களே பேசி முடிக்கிறோம்" என்று சமாதானம் பேசுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்தில்

உங்கள் கல்லூரி எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது, பக்கத்தில் அனைத்து மகளிர் காவல் நிலையம் எங்கே என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆனாலும் "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 சொல்கிறது. மின்னணு வழியாகவும் தகவல் கொடுக்கலாம்; மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதோடு வேலை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான சீட்டுதான். வழக்குப் பதிவானதற்கு அடையாளம் எஃப்.ஐ.ஆர்.தான். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-ஐ அழையுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும்.

பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும், மறுப்பது குற்றம். குளிக்கத் தோன்றும். பரிசோதனை முடியும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஏற்கனவே குளித்துவிட்டீர்கள், நாட்கள் கடந்துவிட்டன என்றாலும் புகாரைக் கைவிட வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு செய்பவருக்கும் சேர்த்துத்தான் இந்தச் சட்டம்.

செல்போன் வழியே வரும் ஆபத்து

"ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று வரும் போன் மோசடி. அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டப் பணம் ஓ.டி.பி. கேட்டு வராது. "உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொடு, மாதம் ஐயாயிரம் தர்றேன்" என்று சீனியரே கேட்டாலும் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். உடனடிக் கடன் ஆப்கள் உங்கள் போட்டோவையும் காண்டாக்ட்டையும் எடுத்துக்கொண்டு மிரட்டும். அவற்றை இறக்கவே வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொல்லச் சொல்லத்தான் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு கூடும்.

யாராவது உங்கள் படத்தை வைத்து மிரட்டினால் நான்கு காரியம்: பணம் கொடுக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், தேதி, எண், ஐ.டி. தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நீங்கள் குறித்து வைத்த அந்த ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். ஒரு தடவை பணம் கொடுத்தால் அடுத்த மாதமும் கேட்பார்கள். படம் நீங்களே விரும்பி அனுப்பியதாக இருந்தாலும், அதை வைத்து மிரட்டுவது குற்றம், குற்றவாளி மிரட்டுபவர்தான்.

நண்பருக்கு நடந்தால் நீங்கள் செய்ய வேண்டியது

பெரும்பாலும் முதலில் விஷயம் போய்ச் சேர்வது ரூம்மேட்டிடம்தான். "நீ ஏன் அங்க போன?" என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் எதிரில் இருப்பவரின் வாய் மூடிவிடும். "நான் கூட இருக்கேன், என்ன செய்யலாம்னு நீ சொல்லு" என்று ஆரம்பியுங்கள். அவர் சொன்னதை அன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள். பிறகு சாட்சி சொல்ல உதவும். புகார் கொடுக்கப் போகும்போது கூடப் போங்கள். அவருக்குத் தெரியாமல் யாரிடமும் சொல்லாதீர்கள். அவர் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் மட்டும் ரகசியம் காக்க வேண்டாம். தனியாக விடாமல், வார்டனுக்கும் வீட்டுக்கும் சொல்லி, 14416 மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

அறைச் சுவரில் ஒட்டிவைக்க

112 - எந்த அவசரத்துக்கும்
108 - ஆம்புலன்ஸ்
181 - பெண்கள் உதவி மையம்
1098 - 18 வயதுக்கு உட்பட்டவர்கள்
1930 - இணையப் பண மோசடி
1800-180-5522 - ராகிங்
14416 - மனநலம்
15100 - இலவசச் சட்ட உதவி

தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' ஆப்பையும் இறக்கி, அவசரப் பட்டனை எப்படி அழுத்துவது என்று பார்த்து வையுங்கள்.

முதல் வாரத்துக்குள் முடிக்க வேண்டியவை

☐ நம்பிக்கையான ஒருவரின் எண் மனப்பாடம்
☐ உள்ளகப் புகார்க் குழுத் தலைவரின் பெயர், எண், அறை
☐ கல்லூரி எல்லைக்குரிய காவல் நிலையமும் மகளிர் காவல் நிலையமும் எங்கே
☐ ஐ.எம்.இ.ஐ. எண் நோட்டில்
☐ ஒரே விலக்கில் இறங்கும் மூன்று பேருடன் அறிமுகம்
☐ வாட்ச்மேன், விடுதி ஆயா, மெஸ் மாஸ்டர் ஆகியோரிடம் பெயர் சொல்லி ஒரு வணக்கம். வளாகத்தில் புதிதாக யார் நடமாடினாலும் முதலில் கவனிப்பவர்கள் இவர்கள்தான்.

உள்ளகப் புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் இல்லை என்றால், வகுப்புத் தோழர்கள் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி முதல்வரிடம் ஒரு மனு கொடுங்கள். எந்தப் பிரச்சினையும் நடப்பதற்கு முன்னால் கேட்பதுதான் எளிது. அடுத்த ஆண்டு அகரத்திலிருந்து அதே கல்லூரிக்கு வரும் தங்கைக்கும் தம்பிக்கும் அந்தப் பட்டியல் தயாராக இருக்கும்.